பெங்களூரில் கல் செடிகள்: லித்தாப்ஸ் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸையும் அதன் உறவுச் செடிகளையும் பெங்களூரின் பால்கனிகளிலும் மொட்டை மாடிகளிலும் வளர்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் மாதக்கணக்கும் தண்ணீர்க்கணக்கும் இந்த ஊருக்கு ஒத்துவராது. இங்கே உள்ளவை இந்த ஊரின் மழை, வெயில், குழாய்த் தண்ணீர் ஆகியவற்றை வைத்துச் சொல்லப்பட்டவை.

இது கள்ளி வகையா?

இல்லை. கள்ளிகள் வேறு குடும்பம். லித்தாப்ஸ் ஐசோயேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவின் ஒரு சிறு பகுதி ஆகியவைதான் இதன் தாயகம். வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி 1811-இல் பிரீஸ்கா என்ற இடத்தருகே தரையில் கிடந்த விநோதமான கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். அது செடியாக இருந்தது. லித்தாப்ஸ் என்ற தனிப்பேரினத்தை 1922-இல் வகுத்தவர் என்.இ. பிரவுன். இன்று நாற்பதுக்குச் சற்றுக் குறைவான இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன.

செடியின் உடம்பு என்று நாம் பார்ப்பது ஒட்டிப் பிறந்த இரண்டே இரண்டு தடித்த இலைகள். நடுவில் ஒரு கீறல், கீழே ஆணிவேர், தண்டு இருந்தும் இல்லாத மாதிரி. மேல்பரப்பில் பச்சையம் குறைவான, ஒளி புகும் திட்டுகள் உண்டு. அவற்றை ஜன்னல் என்கிறோம். வெயில் அதன் வழியாக இறங்கி உட்சுவரில் இருக்கும் பச்சைத் திசுவைச் சேர்கிறது. தாயகத்தில் செடி மண்ணுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தாலும் உணவு தயாரிக்க முடிவது இதனால்தான்.

பெங்களூர் காலநிலையில் உண்மையிலேயே தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும். சென்னையைவிட இங்கே வளர்ப்பது நிச்சயம் எளிது. காரணம் இரவு. லித்தாப்ஸ் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கும். இரவு சூடாக இருந்தால் சேர்த்ததைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். சென்னையின் மே மாத இரவு 27, 28 டிகிரியில் நிற்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் அதே மாத இரவு 21, 22-க்கு இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் 15, 16 டிகிரி. இந்தச் செடிக்கு அது சொர்க்கம்.

இங்கே எதிரி வெயில் அல்ல, மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை, பிறகு ஜூன் முதல் தூறல், செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொட்டும் மழை. ஆகவே முதல் விதி: தலைக்கு மேலே கூரை இல்லாமல் லித்தாப்ஸ் வளர்க்காதீர்கள். மொட்டை மாடி என்றால் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் போட்டு, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பக்கங்களையும் அடைத்தால் ஏப்ரல் மதியத்தில் செடி உள்ளேயே வெந்துவிடும். பால்கனி என்றால் கம்பியை ஒட்டி வைக்காமல் இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். சாரல் அவ்வளவு தூரம் வருவது அபூர்வம்.

முதன்முதலில் எந்த இனத்தை வாங்கலாம்?

லித்தாப்ஸ் லெஸ்லியை என்ற இனத்தை. தயங்காமல் அதையே சொல்வோம். லித்தாப்ஸ்களிலேயே பரவலாக விளைவது அது. ஜோஹானஸ்பர்க்கைச் சுற்றிய புல்வெளிகள்வரை வளர்கிறது. அங்கே கோடையில் ஓரளவு நல்ல மழை உண்டு. ஆகவே நம் ஊர்ச் சூழலை மற்றவற்றைவிட அதிகம் பொறுத்துக்கொள்ளும். அடுத்து ஆக்காம்பியை, செங்கல் நிறம், பெரிய தலை, மஞ்சள் பூ. மூன்றாவது சாலிகோலா. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பூவோடு வரும் இதுவும் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

மாணிக்கம் போலச் சிவக்கும் ஆப்டிகா 'ரூப்ரா'வைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது மெதுவாக வளரும், பிந்திப் பூக்கும், தண்ணீர்ப் பிழையை மன்னிக்காது. இரண்டு மழைக்காலம் லெஸ்லியையைக் கரைசேர்த்த பிறகு அதற்குப் போங்கள்.

எங்கே வாங்குவது? நல்ல செடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

லால்பாக் அருகே சித்தாபுரத்தில் இருக்கும் நர்சரிகளில் அவ்வப்போது வரும். லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும் ஜனவரி, ஆகஸ்ட் மாதங்களில் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். விதையிலிருந்து தாமே வளர்த்து விற்கும் சிறு வளர்ப்பாளர்கள் கிடைத்தால் அவர்களுக்கே முன்னுரிமை கொடுங்கள். இந்த ஊர்க் காற்றிலேயே பிறந்த செடி பாதி ஆபத்தைத் தாண்டியது.

வாங்கும்போது பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவோ லேசான சுருக்கத்தோடோ இருக்கலாம். கொழகொழவென்று இருந்தால், அடிப்பகுதி மஞ்சளாகக் கண்ணாடி போலத் தெரிந்தால் வேண்டாம். விரல் நுனியால் மெதுவாக ஆட்டினால் செடி மண்ணைப் பிடித்து நிற்க வேண்டும். கழன்று ஆடினால் வேர் இல்லை. கீறலுக்குள் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். இது தட்டைத்தலைச் செடி. விரல் போல நீண்டு நின்றால் வெளிச்சம் இல்லாத இடத்தில் வளர்ந்தது என்று பொருள்.

நீலம், ஊதா, வானவில் நிறங்களில் படம் போட்டு விற்கும் விதைகள் அத்தனையும் ஏமாற்று. லித்தாப்ஸில் நீல நிறம் கிடையாது. பழுப்பு, சாம்பல், செங்கல், ஆலிவ் பச்சை, மங்கிய இளஞ்சிவப்பு, சில தேர்வு வகைகளில் ஊதா கலந்த சிவப்பு, இவ்வளவுதான் இயற்கை கொடுத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். நர்சரிச் செடி அநேகமாக முழுக்கத் தென்னைநார்க் கழிவில்தான் வரும். அது மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், இல்லையென்றால் முற்றிலும் காய்ந்து தண்ணீரையே ஏற்காது. இரண்டும் ஆபத்து. டூத் பிரஷ் அல்லது குச்சியால் நாரை முழுவதும் உதிர்த்து, தேவையானால் வேரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கறுத்துச் செத்த மயிர்வேர்களை வெட்டிவிட்டு ஆணிவேரை மட்டும் காப்பாற்றினால் போதும். நிழலில் காகிதத்தின் மேல் மூன்று முதல் ஐந்து நாள் கிடக்கட்டும், வெட்டுக்காயம் ஆறும். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

நடும் ஆழம் முக்கியம். படங்களில் தலைமட்டும் தெரியப் புதைந்திருப்பதைப் பார்த்து அப்படியே புதைக்க வேண்டாம். அந்த நாட்டுக் காற்று வறண்டது. இங்கே வேரும் உடம்பும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை மண்ணின்மேல் கல்துணுக்கை (மேல்கல்) பரப்பித் தாங்கல் கொடுங்கள்.

மண்கலவைக்கு என்னென்ன, எவ்வளவு?

பெரிய செடிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கலவை, அளவுக்கோப்பைக் கணக்கில்:

ப்யூமிஸ் (எரிமலை நுரைக்கல்) 4 பங்கு, செங்கல் நொறுங்கு 2 பங்கு, கழுவிய கரட்டு மணல் 1 பங்கு, சலித்த இலைமக்கு 1 பங்கு. அதாவது எட்டில் ஏழு பங்கு கல், ஒரு பங்கு மக்கு. ப்யூமிஸ் கிடைக்காவிட்டால் பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளைக் கல்துகள்) போடலாம். ஆனால் அது லேசாக இருப்பதால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும்; பாதிக்கு மேல் வேண்டாம்.

பொருளைவிடத் துகள் அளவுதான் முடிவு செய்கிறது. 2 முதல் 5 மில்லிமீட்டர்வரை உள்ளது வேண்டும். 5 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் முதலில் சலித்துப் பெரியதை ஒதுக்குங்கள். பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கீழே விழும் தூளைத் தூக்கிப் போடுங்கள். தங்கியதை வாளியில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எம்-சாண்டில் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கல்தூள் அதிகம். நாலைந்து தடவை அலச வேண்டியிருக்கும். அலசாமல் போட்டால் அந்தத் தூள் ஆறு மாதத்தில் தொட்டியின் அடியில் இறங்கிச் சேறாக உறைந்து, துளை இருந்தும் தண்ணீர் வடியாமல் போகும். பூச்சு வேலைக்கான மணல் வேண்டவே வேண்டாம்.

செங்கல் என்றால் சூளையில் சுட்ட சிவப்புச் செங்கல். சாம்பல் நிறச் சிமெண்டுக் கல்லும் பழைய கட்டடத்தில் சுண்ணாம்பு ஒட்டிய செங்கலும் கூடாது. தோட்டத்துச் செம்மண்ணைச் சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த ஊர்ச் செம்மண்ணில் களி அதிகம். ஈரத்தில் பிசினாகி, காய்ந்தால் பாறையாகிறது. சேர்க்காதீர்கள்.

நட்ட பிறகு 3 முதல் 5 மில்லிமீட்டர் கல்துணுக்கை மேலே ஒரு விரற்கடை பரப்புங்கள். செடியின் நிறத்துக்கு நெருங்கிய நிறக் கல்லாகப் போட்டால் செடி மறைந்து கல்லோடு கல்லாகிவிடும். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சுகத்துக்காகத்தானே இதை வளர்க்கிறோம்.

தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

அகலத்தைவிட ஆழம் முக்கியம். 9, 10 சென்டிமீட்டர் ஆழம் குறைந்தபட்சம். பிளாஸ்டிக் நல்லது, ஈரம் சீராக வற்றும். மண்தொட்டி மழைக்காலத்துக்கு உதவும், கோடையில் சீக்கிரம் வறண்டுவிடும். துளையில்லாத பீங்கான் கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒரே இனத்தை நாலைந்தாகச் சேர்த்து ஒரு தட்டுத்தொட்டியில் வைக்கலாம். வெவ்வேறு இனங்களைக் கலந்தால் ஒன்றுக்குத் தாகம் எடுக்கும் நேரத்தில் இன்னொன்று தோல் உரித்துக்கொண்டிருக்கும், அதாவது பழைய இலை வாடிப் புது இலைக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும்.

எந்தப் பக்கத்து பால்கனி நல்லது?

தெற்கு அல்லது தென்கிழக்கு. இதற்கு வானத்துக் கணக்கு ஒன்று உண்டு. பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு பால்கனிக்கு நேர்வெயில் அவ்வளவாக வராது. செப்டம்பருக்குப் பின் சூரியன் தெற்கே சாயச் சாய வெயில் உள்ளே நீளும். டிசம்பரில் நண்பகல் சூரியன் 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், வெயில் சுவர்வரை வந்து தொடும். லித்தாப்ஸ் வளர்ந்து பூக்கும் காலமும் அதேதான். இலவசமாகக் கிடைத்த ஏற்பாடு.

கிழக்கு பால்கனியில் காலை நான்கு மணி நேர வெயில் கிடைத்தால் அதுவும் போதும். மேற்கு என்றால் மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வடக்கு பால்கனியில் வெயில் வரும் மாதமும் செடிக்கு வேண்டிய மாதமும் நேரெதிர். அங்கே எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு 12 மணி நேரம் எரிய விட வேண்டியிருக்கும்.

புதுச்செடியை ஒரேயடியாக முழுவெயிலில் வைக்காதீர்கள். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். திடீர் வெயிலில் தலையில் வெளுத்த திட்டு விழுந்து பழுப்பாகும். அந்தத் தழும்பு அடுத்த இலைச்சோடி வரும்வரை போகாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர்?

இந்தக் கேள்விக்கு நாள்கணக்கில் பதில் கிடையாது. நாட்காட்டி பார்த்து ஊற்றுவதால்தான் இந்தச் செடிகளில் பெரும்பாலானவை சாகின்றன. செடியைப் பார்த்து ஊற்ற வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது பக்கவாட்டுத் தோல். தாகம் எடுத்தால் அங்கே மெல்லிய சுருக்கம் விழும், தலை சற்றுக் குழியும், செடி கல்லுக்குள் கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கும். இரண்டாவது கீறல். உள்ளே புது இலை முளைத்திருந்தால் எவ்வளவு சுருங்கினாலும் தண்ணீர் கிடையாது. மூன்றாவது மண். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள்; ஈரம் ஒட்டியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

சுருக்கம் உண்டு, புது இலை இல்லை, மண் முழுக்கக் காய்ந்தது என்றால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளையில் வழியும்வரை முழுமையாக ஊற்றுங்கள். 10 சென்டிமீட்டர் தொட்டிக்கு 150 முதல் 200 மில்லி பிடிக்கும். மாலை நேரம் நல்லது. கீறலில் தண்ணீர் தேங்கினால் காகித முனையால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று நாளில் சுருக்கம் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் மறுபடி ஊற்றாதீர்கள். வேர் இல்லை என்று அர்த்தம். செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஊர்க்கணக்கு ஒன்று தோராயமாகச் சொல்லலாம். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர்வரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீர் கேட்கும். ஜனவரி முதல் மார்ச்வரை தோல் உரிக்கும் காலம், ஒரு சொட்டும் வேண்டாம். பழைய இலை காகிதமாகிய பிறகு ஏப்ரலில் ஒரு முழுத் தண்ணீர். மே மாத வெக்கையில் சுருங்கினால் மாலையில் இன்னொன்று. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வானம் மூடியே இருக்கும், காற்றில் ஈரம், மண் காயவே காயாது. அப்போது நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை தொட்டி ஓரமாக இரண்டு மேசைக்கரண்டி தாராளம். செப்டம்பரில் விழித்துக்கொள்ளும். மழை ஓயாவிட்டால் அதுவும் பொறுக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் காவிரி, ஒரு நாள் டேங்கர். எது ஊற்றலாம்?

காவிரித் தண்ணீர் போதும். மழைநீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. டேங்கரில் பெரும்பாலும் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். மேல்கல்லில் வெள்ளைப் படலம் படியும், நாளடைவில் மண்ணின் காரத்தன்மை ஏறி வேர் சத்தை எடுக்கத் திணறும். வேறு வழியில்லை என்றால் ஆர்.ஓ. நீரைப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் போகிறது.

செடி நடுவில் பிளந்து உள்ளே இன்னொரு செடி தெரிகிறது. செத்துவிட்டதா?

பிறந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இலைமாற்றம் இது. பூத்து முடிந்து சில வாரங்களில் கீறல் அகலும். உள்ளே உற்றுப் பார்த்தால் பழைய கீறலுக்குக் குறுக்காக, தொண்ணூறு டிகிரி திரும்பி, இன்னொரு சின்னக் கீறல் தெரியும். அதுதான் புதுச்சோடி. சில நேரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு சோடி வரும். ஒரு தலைச் செடி இருதலையாவது இப்படித்தான்.

புதுச்சோடி வளரத் தேவையான நீர் முழுவதையும் பழைய சோடியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். பழைய இலைகள் வாரக்கணக்கில் தளர்ந்து, சுருங்கி, கடைசியில் வெங்காயச் சருகு போல அடியில் ஒட்டிக்கொள்ளும். இந்த நேரத்தில் நீங்கள் தண்ணீர் ஊற்றினால் பழைய இலை அதைக் குடித்து மறுபடி கொழுக்கும், சாக மறுக்கும். புதியது நெருக்கித் தள்ளி ஒருபக்கம் கோணும், இரண்டடுக்காக நிற்கும். அப்படி அடுக்கு விழுந்துவிட்டால் கையால் உரிக்காதீர்கள். காயத்தின் வழியே அழுகல் ஏறும். தண்ணீரை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்துக் காத்திருங்கள். இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். சருகான பிறகும் இழுத்தால் தானாக வருவதை மட்டும் எடுங்கள். மழைக்காலத்துக்கு முன் அந்தச் சருகை அகற்றுவது நல்லது; அதன் மடிப்பில்தான் ஈரமும் மாவுப்பூச்சியும் குடியேறும்.

தலை வெடித்துவிட்டது / நீண்டு வளர்கிறது / மஞ்சளாகிறது. என்ன செய்வது?

மூன்றும் மூன்று கதை.

தோலில் கோடு விழுந்து வெடித்திருந்தால், வறண்ட செடிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை தண்ணீர் போயிருக்கிறது, இல்லையென்றால் மழையில் நனைந்திருக்கிறது. உலர்வாக வைத்தால் காயம் காய்ந்து பொருக்காகும். அடுத்த சோடி தழும்பில்லாமல் வரும்.

நீண்டு வளர்வது வெளிச்சக்குறை. வளர்ந்த சோடி மறுபடி குட்டையாகாது. வெயிலுக்கு மெல்ல மாற்றுங்கள். அடுத்த ஆண்டுச் சோடி சரியான உயரத்தில் வரும்.

மஞ்சளாகிக் கண்ணாடி போல ஒளி ஊடுருவி, தொட்டால் நசநசவென்று இருந்தால் அழுகல். அடியிலிருந்து ஏறியது என்றால் காப்பாற்ற வழியில்லை. இலையை வெட்டி வைத்து முளைக்க வைக்கலாமா என்றால் முடியாது. வளர்முனை இரண்டு இலைக்கும் நடுவே அடியில் இருக்கிறது, இலைத்துண்டில் அது இல்லை. பல தலை உள்ள கொத்தில் ஒரு தலை மட்டும் அழுகினால் சுத்தமான கத்தியால் வேரோடு பிரித்து, மிச்சத்தை ஒரு வாரம் உலரவைத்துப் புதுக்கலவையில் நடுங்கள். பழைய கலவையை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பூச்சிகள்?

முதல் எதிரி மாவுப்பூச்சி. கீறலிலும் சருகு மடிப்பிலும் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்துத் தொட்டால் போதும். வாரம் ஒருமுறை மூன்று வாரம் செய்ய வேண்டும், முட்டைகள் பின்னால் பொரிக்கும்.

வேர் மாவுப்பூச்சி இன்னும் மோசம், வெளியே தெரியாது. தண்ணீர் ஊற்றியும் செடி நிமிராவிட்டால், தொட்டி ஓரத்தில் எறும்பு வரிசை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிடுங்கினால் தொட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு பூசினாற்போல இருக்கும். வேரை முழுவதும் கழுவி, பாதிக்கப்பட்ட வேரை வெட்டி, உலர்த்தி, புதுக்கலவையில் நடுங்கள். இமிடாகுளோப்ரிட் 17.8 சதவீதத் திரவம் லிட்டருக்கு அரை மில்லி கலந்து, அடுத்த தண்ணீர் முறையில் மண்ணில் ஊற்றலாம். கையுறை அவசியம். பூத்திருக்கும்போது ஊற்றாதீர்கள், தேனீக்கள் வரும். தலையில் வெளுத்த நுண்புள்ளிகள் சேர்ந்து சொறி போலானால் அது சிலந்திப்பேன். அதற்கு இந்த மருந்து கேட்காது, பேன்கொல்லி தனியாக வேண்டும்.

பால்கனியில் புறாவும் அணிலும் மாடியில் காகமும் கோடையில் தாகத்துக்காகத் தலையைக் கொத்தித் தின்னும். அரை அங்குலக் கம்பிவலைக் கூண்டு ஒன்றே தீர்வு. மழைக்காலத்தில் நத்தைகளை இரவில் டார்ச் அடித்துத் தேடிப் பொறுக்குங்கள்.

உரம்?

அநேகமாக வேண்டாம். வளரும் காலத்தில் ஒரே ஒருமுறை, நைட்ரஜன் குறைந்த திரவ உரத்தை எழுதியிருப்பதில் கால்பங்கு வீரியத்தில் கொடுக்கலாம். சாணம், பிண்ணாக்கு பக்கமே போகாதீர்கள். செடி ஊதிப் பெருத்து வெடிக்கும்.

எப்போது பூக்கும்? விதை பிடிக்குமா?

விதையிலிருந்து மூன்றாம், நான்காம் ஆண்டில். இந்த ஊரில் செப்டம்பர் முதல் நவம்பர்வரை கீறலில் மொட்டு எட்டிப் பார்க்கும். பூ மதியத்துக்குப் பிறகு விரிந்து அந்தி சாயும்போது மூடிக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் விரியாமலே இருந்துவிடும். ஒரு வாரம்போல இப்படித் திறந்து மூடும்.

ஒரே செடியின் மகரந்தம் அதே செடியில் விதை கொடுக்காது. ஒரே இனத்தில் வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் மூன்று நாள் தொடர்ந்து மாற்றி மாற்றித் தொடுங்கள். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும்; பழுப்பாகிக் காய்ந்த பிறகு பறியுங்கள்.

காய்ந்த காயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மூடிகள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடிந்து, ஐந்தாறு அறைகள் கொண்ட நட்சத்திரமாக விரியும். உள்ளே கசகசாவைவிடச் சிறிய விதைகள். காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். பாலையில் மழை பெய்யும்போது மட்டும் விதை சிதற வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

விதை போடுவது எப்படி?

மழை ஓய்ந்து இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் மாதமே சரியான நேரம். கோடையில் போட்டால் முளைப்பு குறையும், முளைத்ததும் பூஞ்சணத்தில் போகும்.

மேலே சொன்ன கலவையையே 3 மில்லிமீட்டருக்குள் சலித்து, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் ஆவியில் வைத்து ஆறவிடுங்கள். 8 சென்டிமீட்டர் தொட்டியில் நிரப்பி, மேலே அரை சென்டிமீட்டர் 1 மில்லிமீட்டர் மணல். தொட்டியைக் கொதித்தாறிய தண்ணீரில் நிறுத்தி மேற்பரப்பு கருக்கும்வரை ஊறவிடுங்கள். விதையை ஒரு சிட்டிகை உலர்மணலோடு கலந்து, மடித்த காகிதத்திலிருந்து தட்டித் தட்டித் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் வேண்டும். தொட்டியை ஒளி புகும் டப்பாவுக்குள் வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் விடுங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பச்சை மணிகளாக முளைக்கும். முளைத்துப் பத்து நாள் கழித்து மூடியைத் தினமும் கொஞ்சம் அதிக நேரம் திறந்து, ஒரு மாதத்தில் முழுவதும் எடுத்துவிடுங்கள். மண்ணில் பச்சைப்பாசி படர்ந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு. நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்து நூலாகக் கிடந்தால் பூஞ்சை. உடனே திறந்து, சாய்ந்தவற்றை அகற்றி, காப்டான் லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளியுங்கள்.

முதல் ஆண்டில் பெரிய செடியின் சட்டம் இவற்றுக்குப் பொருந்தாது. சேமிப்பு இல்லாத உடம்பு. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அடியிலிருந்து ஈரம் காட்டுங்கள். முதல் கோடையில் நிழல்வலை, முதல் மழைக்காலத்தில் கூரையும் மின்விசிறிக் காற்றும். பாதி நாற்று போவது வழக்கம், மனம் தளர வேண்டாம். ஒரு வயதுக்கு முன் பிடுங்கி நடாதீர்கள்.

கோனோஃபைட்டம், ப்ளையோஸ்பிலோஸ் எல்லாம் இதோடு சேர்த்து வைக்கலாமா?

இவை லித்தாப்ஸின் உறவுச் செடிகள். ஒரே அலமாரியில் வைக்கலாம், ஒரே நாளில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கோனோஃபைட்டம் குளிர்காலத்தில் வளர்வது. மார்ச்சில் பழைய தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு செத்தது போலத் தூங்கும். அப்படியே ஆகஸ்ட்வரை விட்டுவிடுங்கள், உறையை உரித்துப் பார்க்காதீர்கள். பிளந்த பாறை போல இருக்கும் ப்ளையோஸ்பிலோஸ் நெலியையில் ஒரு பழைய சோடியும் ஒரு புதுச்சோடியும் சேர்ந்து இருப்பது இயல்பு. மூன்றாவது சோடி வந்தும் முதல் சோடி வாடவில்லை என்றால் தண்ணீர் அதிகம். சுண்ணாம்புக்கல் சொறி போன்ற இலை கொண்ட டைட்டனாப்சிஸ் குளிர்மாதங்களில் நன்றாக வரும். டின்டெரான்தஸ் அழகி, ஆனால் ஈரத்துக்கு லித்தாப்ஸைவிடவும் பயப்படுவது. பெங்களூர் மழைக்காலத்தை நன்கு அறிந்த பிறகே வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைக் காப்பு ஆணைப்படி செடிக்கும் விதைக்கும் இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. சான்றில்லாமல் உறையில் வரும் விதை பறிமுதலாகலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. தென்னாப்பிரிக்காவில், முக்கியமாகக் கோனோஃபைட்டம் வளரும் பாறைச்சரிவுகளில், இணையவழி வியாபாரத்துக்காகக் காட்டுச்செடிகளைக் கொள்ளையடிப்பது சமீப ஆண்டுகளில் கடுமையாகிவிட்டது. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் இருப்பவை. ஒரு மூட்டையோடு அங்கே முடிந்துவிடும். தலைகள் ஒழுங்கற்று, பழந்தழும்புகளோடு, பல ஆண்டுச் சருகு அடுக்கும் அறுந்த தடித்த வேருமாக ஒரு கொத்து மலிவாக வந்தால் கேள்வி கேளுங்கள். விதையிலிருந்து வளர்த்தது என்று விற்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். அந்தக் கொத்து இங்கே பிழைப்பதும் அரிது.

அட்டையில் 'சி 36ஏ' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

கோல் எண். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளின் பேராசிரியராக இருந்த டெஸ்மண்ட் கோல், மனைவி நவ்ரீனோடு பல பத்தாண்டுகள் காடுமேடு சுற்றி, லித்தாப்ஸ் வளரும் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு எண் கொடுத்தார். எண் இருந்தால் உங்கள் செடியின் மூதாதை எந்த இடத்து மண்ணில் நின்றது என்று தெரியும். 36ஏ என்பது லெஸ்லியையின் வெளிர்மஞ்சள்பச்சை வகையான 'அல்பினிக்கா'.

சேகரிப்பு என்று தொடங்கினால் அட்டையைத் தொலைக்காதீர்கள். இனப்பெயர், கோல் எண், விதைத்த அல்லது வாங்கிய மாதம், யாரிடம் வாங்கியது, நான்கையும் பென்சிலில் எழுதுங்கள். மார்க்கர் மை இந்த ஊர் வெயிலில் ஓர் ஆண்டில் வெளுத்துவிடும். மேலே ஒன்று குத்துங்கள், அதே விவரத்தோடு இன்னொன்றைத் தொட்டிக்குள் மண்ணோடு புதையுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், மூன்று வாரம் ஆகும். யார் தண்ணீர் ஊற்றுவது?

யாரும் வேண்டாம். ஜனவரியில் அது தண்ணீர் கேட்காது. பக்கத்து வீட்டம்மாவிடம் சாவி கொடுத்தால், இந்தத் தட்டுக்கு மட்டும் ஊற்ற வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.